நாலு கண் மானும் எட்டுக் கண் சிலந்தியும்

கென்யாவின் கிழக்கு ஓரத்தில், தானா ஆற்றைத் தாண்டிச் சோமாலிய எல்லைவரை நீளும் வறண்ட சமவெளியில் ஹிரோலா என்றொரு மறிமான் வாழ்கிறது. வெளிறிய செம்மண் நிறம். மெலிந்து நீண்ட முகம். வெளிப்பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து ஏறும் வரியோடிய கொம்புகள், ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. இரு கண்களுக்கும் இடையே ஒரு வெள்ளைக் கோடு. கண்ணுக்கு முன்னால், பக்கத்துக்கு ஒன்றாகக் கருத்துப் புடைத்த பெரிய சுரப்பி. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் முகத்தில் நாலு கண் இருப்பதாகவே படும். 'நாலு கண் மான்' என்ற பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது. உலகில் மிச்சமிருக்கும் ஹிரோலாக்கள் 500க்கும் குறைவு. எந்த உயிர்க்காட்சிசாலையிலும் ஒன்றுகூடக் கிடையாது.

இன்னோர் உயிரைப் பார்க்க எங்கும் போகவேண்டாம். வெயில் படும் வெளிச்சுவர், ஜன்னல் கட்டை, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், எங்காவது ஓரிடத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத சாம்பல் நிறச் சிலந்தி ஒன்று நாலு அடி ஓடி, நின்று, திரும்பி நம்மையே பார்க்கும். வலை கட்டாது. ஈயைப் பதுங்கிப் பிடிக்கும். ஈப்புலி என்று இதைச் சொல்வோர் உண்டு. பலருக்கு இது வெறும் எட்டுக்கால் பூச்சி. சுவரில் நாம் அதிகம் காணும் இனங்களில் ஒன்றுக்கு மெனமெரஸ் பைவிட்டேட்டஸ் என்று பெயர். தட்டையான உடல், ஓரங்களில் கருங்கோடு. இதன் பூர்வீகமும் ஆப்பிரிக்காதான். இன்று வெப்பநாடுகள் அனைத்திலும் இருக்கிறது: அமெரிக்கக் கண்டங்கள், ஆசியா, ஆஸ்திரேலியா, கடலுக்கு நடுவிலுள்ள தீவுகள். எத்தனை இருக்கின்றன என்று யாரும் எண்ணியதில்லை. எண்ணவேண்டிய தேவையும் எவருக்கும் ஏற்பட்டதில்லை.

ஒரே கண்டத்திலிருந்து புறப்பட்ட இரண்டில் ஒன்று ஒற்றைச் சமவெளியில் சுருங்கிவிட்டது. மற்றது நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. இதைக் கேட்டதும் நமக்குத் தோன்றும் விடை, "அது பெரிய பிராணி, இது பூச்சி, பெருகத்தானே செய்யும்" என்பது. அந்த விடையில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் ஹிரோலாவைக் காப்பாற்றவேண்டியவர்களுக்குத் தேவையானது. அதைப் புரிந்துகொள்ளக் கண்ணிலிருந்து தொடங்குவதே நல்லது, ஏனென்றால் இந்த இரண்டும் எந்த மாதிரி இடத்துக்காக உருவானவை என்பதை அவற்றின் கண்களே காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

சிலந்திக்கு எட்டுக் கண்ணும் கண்தான். தலையைச் சுற்றி அமைந்த ஆறு சிறு கண்கள் அசைவைக் காண்பதற்கானவை. அவற்றால் ஏறத்தாழ நாற்புறமும் ஒரே நேரத்தில் பார்க்கமுடியும். பின்னால் ஒரு ஈ உட்கார்ந்தாலும் தெரிந்துவிடும். முன்னால் உருண்டையாகத் தெரியும் பெரிய கண் இரண்டும் வேறு வகை. அவை ஒவ்வொன்றும் தலைக்குள் நீளும் ஒரு குழாய். முன்முனையில் அசையாத லென்ஸ், பின்முனையில் சிறிய விழித்திரை. அந்த விழித்திரையை ஆறு தசைகள் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் இழுக்கின்றன, சுழற்றவும் செய்கின்றன. ஆகவே வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கண் அசையாமலே இருக்கும். உள்ளே அது எதிரிலுள்ள பொருளைத் துண்டு துண்டாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும். மைக்கேல் லேண்ட் 1969இல் இந்த விழித்திரையின் அமைப்பையும் அசைவையும் விரிவாக விளக்கினார். இத்தனை சிறிய தலைக்குள் இவ்வளவு கூர்மையான கண் இருப்பதை அறிந்த பிறகு, சுவரிலிருந்து அது நம்மைத் திரும்பிப் பார்க்கும்போது அதைத் துடைப்பத்தால் தட்டிவிட எனக்கு மனம் வந்ததில்லை.

அந்த விழித்திரை நான்கு அடுக்காக இருக்கிறது. ஜப்பானில் ஒசாகா நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் இந்த அடுக்குகளின் பயனை ஓர் எளிய சோதனையால் கண்டுபிடித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஹசாரியஸ் அடன்சோனி என்ற, வீடுகளில் சாதாரணமாக வாழும் இன்னொரு தாவும் சிலந்தி. பச்சை ஒளி ஓர் அடுக்கில் தெளிவாக விழும்போது அதையடுத்த அடுக்கில் மங்கலாக விழும். எவ்வளவு மங்கல் என்பதைக் கொண்டு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சிலந்தி கணக்கிடுகிறது. பச்சை ஒளியே இல்லாமல் சிவப்பு ஒளியில் மட்டும் வேட்டையாடவிட்டால் கணக்குப் பிசகிவிடும். தாவல் இரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். சோதனையில் அதுதான் நடந்தது.

இனி சுவரில் நடக்கும் ஒரு வேட்டையைக் கவனியுங்கள். ஓர் அடி தள்ளி ஈ உட்காருகிறது. பக்கக் கண் அசைவைப் பிடித்ததும் சிலந்தி சட்டென்று உடலைத் திருப்பி, பெரிய கண்கள் இரண்டையும் ஈயின் மேல் குறிவைக்கிறது. பிறகு அவசரமில்லை. முடிந்தால் பின்புறமாகச் சுற்றிவரும். ஈ அசைந்தால் இது நிற்கும். ஈ கால்களைத் தேய்த்துக்கொள்ளும்போது இரண்டு எட்டு முன்னேறும். ஒரு விரற்கடை தூரம் வந்ததும் உடலைச் சுவரோடு தாழ்த்தி, வயிற்றின் நுனியால் சுவரை ஒருமுறை தொடும். நூலை ஒட்டவைக்கும் வேலை அது. பிறகு தாவும். குறி தப்பினாலும் தரையில் விழாது. நூலில் தொங்கி, அதையே பிடித்து மேலேறிவிடும்.

அந்தத் தாவலுக்குக் கால்தசை காரணமில்லை. சிலந்தியின் காலில் முக்கியமான இரண்டு மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை கிடையாது. உடலின் முன்பகுதி சுருங்கி உள்ளேயுள்ள திரவத்தைக் காலுக்குள் அழுத்த, தண்ணீர் திறந்துவிட்ட ரப்பர் ஹோஸ் விறைப்பதுபோல் கால் நீளுகிறது. பாரி, பிரவுன் என்ற இருவர் 1959இல் இந்த அழுத்தத்தையும் தாவலையும் அளந்து காட்டினார்கள். செத்த சிலந்தி கால்களை உள்ளே மடக்கிக்கொண்டு கிடப்பதும் இதனால்தான்: அழுத்தம் போய்விட்டது, மடக்கும் தசை மட்டுமே மிச்சம்.

ஆக, இந்தச் சிலந்தியின் உலகம் ஒரு கை அகலம். அந்த அகலத்துக்குள் அதைவிடத் தேர்ந்த வேட்டைக்காரர் குறைவு.

ஹிரோலாவுக்கு நிஜக் கண் இரண்டே. மற்ற இரண்டும் வாசனைச் சுரப்பிகள். ஆண் மான் நிமிர்ந்து நிற்கும் புல்தாளில் முகத்தைத் தாழ்த்தி அந்தச் சுரப்பியைத் தேய்த்து, தன் எல்லையைக் குறித்துவைக்கும். இன்னோர் ஆண் எல்லை மீறினால் இரண்டும் முன்னங்கால்களை மடக்கி முழந்தாளிட்டுக் கொம்பு கோத்துத் தள்ளும். நிஜக் கண்கள் தலையின் இருபக்கமும் இருக்கின்றன, கண்பாப்பா கிடைமட்டமாக நீண்டது. ஆடுமாடுகள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் பேங்க்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் 2015இல், தரையில் வாழும் 214 விலங்கினங்களின் கண்பாப்பாக்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மேய்ந்து வாழும், பிறருக்கு இரையாகும் விலங்குகளில் கிடைப்பாப்பாவே மிகுதி. அது அடிவானத்தை ஒட்டிய பகுதியை இடமிருந்து வலமாக அகலமாகவும் தெளிவாகவும் காட்டுகிறது. அதைவிட வியப்பானது ஒன்று உண்டு. மேய்வதற்குத் தலையைத் தாழ்த்தும்போது கண் குழிக்குள்ளேயே சுழன்றுகொள்கிறது. வாய் புல்லில் இருந்தாலும் பாப்பா தரைக்கு இணையாகவே நிற்கிறது. வீட்டில் ஆடு இருப்பவர்கள் இதை இன்றைக்கே சோதித்துப் பார்க்கலாம்.

அப்படிப்பட்ட கண்ணுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அடிவானம் தெரியவேண்டும். ஹிரோலா குட்டைப் புல் மேயும் பிராணி. திறந்த வெளியில் கூட்டமாக நின்று, வேட்டை விலங்குகளைத் தொலைவிலேயே கண்டு ஓடுவதுதான் அதன் காவல். நீண்ட தசைநாண்கள், உடலோடு ஒட்டி மேலே குவிந்த தசை, கீழே மெலிந்த கால், எல்லாமே தூரம் ஓடுவதற்கானவை. சிலந்திக்குக் கை அகலம் போதும். இதற்குப் பல மைல் வெட்டவெளி வேண்டும்.

இப்போது அந்தப் பாதி உண்மைக்கு வருவோம். உடல் பெரிதானால் எண்ணிக்கை குறையும் என்பது அளந்து பார்த்த விதி. ஜான் டமுத் 1981இல் நூற்றுக்கணக்கான தாவர உண்ணிப் பாலூட்டிகளின் எடையையும் அடர்த்தியையும் வைத்து இதைக் காட்டினார். எடை பத்து மடங்கு கூடினால், ஒரு சதுர கிலோமீட்டரில் வாழும் எண்ணிக்கை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஹிரோலா நூறு கிலோ அளவுள்ளது. இனப்பெருக்கக் கணக்கும் அதே பக்கம் சாய்கிறது. பெண் ஹிரோலா ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும்; சுவர்ச் சிலந்தி ஒரு பட்டுக்கூட்டில் முப்பது முட்டை அளவில் இடும், சில மாதங்களில் அந்தக் குஞ்சுகளே தாயாகிவிடும்.

ஆனால் மாட்டைப் பாருங்கள். ஹிரோலாவைவிடப் பெரிய உடல், அதுவும் ஒரு கன்றுதான் ஈனும், உலகத்தில் ஏறத்தாழ 150 கோடி இருக்கிறது. சின்னதாக இருந்தால் பெருகிவிடும் என்பதும் நிச்சயமில்லை. ஆந்திராவில் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையிலுள்ள காட்டில், 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில், பொசிலோதீரியா மெட்டாலிகா என்ற பளிச்சிடும் நீலச் சிலந்தி ஒன்று இருக்கிறது. பழைய மரப் பொந்துகளே அதன் வீடு. 1899இல் போகாக் என்ற விலங்கியலாளர் அதை முதன்முதலில் விவரித்தபோது கையிலிருந்த மாதிரி, குத்தி ரயில்நிலையத்து விறகுக் கிடங்கில் அகப்பட்டது. விறகோடு ரயிலேறி வந்து சேர்ந்த சிலந்தி அது. அதன் சொந்தக் காடு எதுவென்று தெரிய நூறாண்டு ஆயிற்று. இன்று அதுவும் ஹிரோலாவும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் ஒரே கட்டத்தில் இருக்கின்றன: மிக மோசமான ஆபத்து. அது முட்டை இடுவது குறைவில்லை. பொந்துள்ள மரம்தான் குறைவு.

அரிய உயிர் எது என்பதை டெபோரா ராபினோவிட்ஸ் என்ற தாவரவியலாளர் 1981இல் மூன்று கேள்விகளாகப் பிரித்தார். எவ்வளவு பரந்த நிலத்தில் இருக்கிறது? எத்தனை வகை இடங்களில் வாழமுடிகிறது? இருக்கும் இடத்தில் கூட்டமாக இருக்கிறதா, ஒன்றிரண்டாக இருக்கிறதா? மூன்று கேள்விக்கும் ஆம், இல்லை என்று விடை எழுதினால் எட்டு வகை கிடைக்கும். அதில் ஏழு வகை அரிதானவை, ஒன்றே ஒன்றுதான் சாதாரணம். ஹிரோலாவுக்கு மூன்று விடையும் பாதகம். சுவர்ச் சிலந்திக்கு மூன்றும் சாதகம். இந்தக் கேள்விகளில் உடல் பருமன் எங்கும் வரவில்லை. எல்லாமே நிலத்தைப் பற்றியவை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அப்படியானால் ஹிரோலாவின் நிலத்துக்கு என்ன ஆயிற்று?

ஹண்டர் என்ற வேட்டைக்காரர் 1888இல் தானா ஆற்றங்கரையில் இதைக் கண்டு, 1889இல் இது அறிவியல் பெயர் பெற்றபோது, ஆற்றுக்கு அப்பால் சோமாலியாவின் ஜூபா ஆறு வரை இது பரவியிருந்தது. 1970களில் வானிலிருந்து எண்ணியவர்கள் பத்தாயிரத்துக்கு மேல் கணக்கிட்டார்கள். அப்போதும் இது ஒரு மூலைக்கே உரிய மான்தான். ஆனால் அந்த மூலையில் தாராளமாக இருந்தது. பிறகு வெக்கை நோய் வந்தது.

மாடு வளர்த்த நம் தாத்தாக்களுக்கு அந்த நோயைத் தெரியும். தட்டம்மைக் கிருமியின் நெருங்கிய உறவான ஒரு வைரஸ். காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல், சில நாளில் சாவு. 1880களின் கடைசியில் வெளியிலிருந்து வந்த மாடுகளோடு ஆப்பிரிக்கக் கொம்பில் இறங்கி, பத்தாண்டுக்குள் கண்டத்தின் தென்முனை வரை மாட்டையும் எருமையையும் மானையும் வாரிக்கொண்டு போனது. ஹிரோலாவின் சமவெளியில் 1983 முதல் 1985 வரை அது திரும்ப அடித்தபோது பத்தில் எட்டு ஒன்பது மான்கள் இல்லாமல் போயின. தடுப்பூசியால் அந்த நோய் ஒழிந்தது என்பது மனிதர் சாதித்த மிகப் பெரிய காரியங்களில் ஒன்று. இந்தியாவில் கடைசியாக 1995இல், தமிழ்நாட்டில்தான் அது தென்பட்டது. உலகத்தில் கடைசியாக உறுதியானது 2001இல் கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில், ஒரு காட்டெருமையில். அந்த வைரஸின் கடைசிப் புகலிடம், ஹிரோலா வாழும் அந்தச் சோமாலிய எல்லைப் பகுதியாகவே இருந்தது. 2011இல் நோய் அடியோடு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

நோய் போன பிறகு மான் திரும்பப் பெருகியிருக்கவேண்டும். பெருகவில்லை. இதுதான் இந்தக் கதையின் முடிச்சு.

இதற்கு ஓர் ஒப்பீடு இருக்கிறது. மத்திய ஆசியாவின் சைகா என்ற மறிமான், 2015 மே மாதம் கஜகஸ்தானில் மூன்று வாரத்துக்குள் இரண்டு லட்சத்துக்கு மேல் செத்து விழுந்தது. வழக்கமாக அதன் தொண்டைக்குள் சாதுவாகக் கிடக்கும் பாக்டீரியா, அசாதாரண வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த நாட்களில் இரத்தத்தில் ஏறிவிட்டது. உலகில் இருந்த சைகாவில் பாதிக்கு மேல் போயிற்று. ஆனால் எட்டே ஆண்டில், 2023இல், கஜகஸ்தானில் மட்டும் 19 லட்சம் சைகா எண்ணப்பட்டன. செம்பட்டியலில் மிக மோசமான ஆபத்து என்ற கட்டத்திலிருந்தும் இறங்கிவிட்டது. சைகா பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும் என்பது ஒரு காரணம். கள்ள வேட்டையை அங்கே முனைந்து தடுத்தது இன்னொன்று. ஆனால் அடிப்படையான காரணம், அந்தப் புல்வெளி அப்படியே இருந்தது என்பது. மான் போன இடத்துக்கு மான் திரும்ப வந்தது.

ஹிரோலாவுக்கு அந்த இடம் காத்திருக்கவில்லை. ஹிரோலா வாழும் கரிசா பகுதியிலேயே பிறந்து வளர்ந்த அப்துல்லாஹி அலியும், அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தின் ஜேக்கப் கோஹீனும் சேர்ந்து, ஹிரோலாக்களுக்கு ஜி.பி.எஸ். பட்டை கட்டி அவை எங்கே மேய்கின்றன, எதைத் தவிர்க்கின்றன என்று தொடர்ந்து பார்த்தார்கள். 1985க்கும் 2012க்கும் இடையே அந்த நிலம் எப்படி மாறியது என்று செயற்கைக்கோள் படங்களிலும் தேடினார்கள். விடை 2017இல் வெளியானது. திறந்த புல்வெளியாக இருந்த நிலத்தில் மரமும் முள்புதரும் மிகப் பெரிய அளவில் ஏறியிருந்தன. ஹிரோலா மரம் அடர்ந்த இடத்தைத் தவிர்க்கிறது. புல் குறைந்தது, மிஞ்சிய சில வெளிகளில் ஒதுங்கிய மான்களை வேட்டை விலங்குகள் எளிதில் அடித்தன.

மரம் பெருகுவது நல்லதுதானே என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். எல்லா நிலமும் காடாக வேண்டியதில்லை. புல்வெளி என்பது அழிந்த காடு அல்ல, தனக்கென்று உயிர்களைக் கொண்ட தனி நிலம். நம் ஊரில் வெளிமான் மேயும் தரிசையும் பயனில்லாத நிலம் என்று எழுதி, அதில் மரக்கன்று நடுவதைப் பசுமைப் பணி என்று கொண்டாடுகிறோம். ஹிரோலாவின் கதை நமக்கு இந்த வகையில் மிக நெருங்கியது.

அங்கே மரத்தை யாரும் நடவில்லை. மரத்தை முறிப்பவர்களை ஒழித்தார்கள். 1970களின் தொடக்கத்தில் கென்யாவில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்த யானைகள், தந்தத்துக்காகச் சுடப்பட்டு 1989 வாக்கில் இருபதாயிரத்துக்கும் கீழே போயின. கிழக்குப் பகுதிகள் அதில் பெரிதும் அடிபட்டன. யானை இளமரத்தை முறிக்கும், பட்டை உரிக்கும், வேரோடு சாய்க்கும். அதன் வழியெங்கும் வெளி திறக்கும். அது போனதும், கால்நடைகள் புல்லை மட்டும் ஒட்ட மேய, தீப்பற்றப் புல் இல்லாமல் போக, முள்மரத்துக்குப் போட்டியே இல்லாமல் ஆயிற்று. தந்த வியாபாரி ஹிரோலாவைக் குறிவைக்கவில்லை. ஆனாலும் அந்தத் தோட்டா, நாற்பது ஆண்டு கழித்து ஹிரோலாவைத் தொட்டிருக்கிறது.

இதற்கு நேர்மாறான காரியம் சிலந்திக்கு நடந்தது. அதன் பூர்வீக வாழிடம் மரப்பட்டையும் பாறை முகமும்: செங்குத்தான, வெயில் படும், விரிசல் உள்ள பரப்பு. நாம் கட்டும் ஒவ்வொரு சுவரும் அதற்கு ஒரு புதுப் பாறை. தட்டையான உடல் நுழைய ஜன்னல் சட்ட இடுக்கு; முட்டைக்கூடு ஒட்ட மின்மீட்டர் பெட்டிக்குப் பின்புறம்; குப்பையும் சமையலும் இருக்குமிடத்தில் ஈக்குப் பஞ்சமில்லை. கால் நுனியிலுள்ள நுண்மயிர்க் கற்றைகள் வண்ணமடித்த சுவரிலும் கண்ணாடியிலும் பற்றிக்கொள்ளும். கப்பல் சரக்கில் ஒரு கருவுற்ற பெண் சிலந்தி ஏறிவிட்டால் மறுகரையிலும் இதே மாதிரிச் சுவர் இருக்கிறது. உலகச் சிலந்திகள் அனைத்தும் ஆண்டுக்கு 40 முதல் 80 கோடி டன் இரையைத் தின்கின்றன என்று 2017இல் ஒரு மதிப்பீடு வந்தது, பெரும்பாலும் பூச்சிகள். நம் சுவரில் நடப்பது அதில் ஒரு துளி. ஆனாலும் நமக்கு நேரடியாகப் பயன்படும் துளி.

சிலந்தி மான்களைவிட வல்லமை உள்ளது என்று இதிலிருந்து சொல்ல எனக்குச் சம்மதமில்லை. வறட்சியில் புல்லிலுள்ள ஈரத்தைக் கொண்டே நாளைக் கடத்தும் பிராணி ஹிரோலா. அதன் மூதாதை இனத்தின் புதைபடிவங்கள் கிழக்கு ஆப்பிரிக்காவில் கிடைத்திருக்கின்றன. அந்தப் பேரினத்தில் இன்று எஞ்சிய ஒரே வாரிசு இதுதான். இது போனால், இன்றைய மனித வரலாற்றில் ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் ஒரு பாலூட்டிப் பேரினமே அற்றுப்போவது முதல்முறையாக இருக்கும். இத்தனை காலம் பிழைத்த உடலில் குறையில்லை. ஒரு கை அகல உலகத்துக்கு உருவானதற்கு நாம் அறியாமலே கோடிக்கணக்கில் உலகங்களைக் கட்டிக்கொடுத்தோம்; அடிவானத்துக்கு உருவானதன் அடிவானத்தை அடைத்துவிட்டோம்.

அடைத்ததைத் திறக்க முயல்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் செய்தது மானை வேறிடத்துக்குக் கொண்டுபோவது. 1963இல் ஒரு சிறு கூட்டம் சாவோ கிழக்குத் தேசியப் பூங்காவுக்கு மாற்றப்பட்டது. 1996இல் மறுபடி பிடிக்க வந்தபோது கரிசாப் பகுதி மக்கள் சிலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இந்த மான் எங்கள் நிலத்தின் உடைமை, எங்கள் சம்மதமில்லாமல் அரசு எடுத்துப்போகக் கூடாது என்பது வழக்கு. நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்று தடை விதித்தது. அதற்குள் சில மான்கள் சாவோவுக்குப் போய்விட்டன. அங்கே ஒரு சிறு கூட்டம் இன்றும் இருக்கிறது, பெருகியதாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வழக்கு ஒன்றைத் தெளிவாக்கியது: ஹிரோலாவுக்கு உரிமை கொண்டாட ஆள் இருக்கிறார்கள், அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

அந்த மக்களே இஷாக்பினி என்ற இடத்தில் சமூகக் காப்பகம் அமைத்தார்கள். அதற்குள் வேட்டை விலங்கு நுழையாதபடி வேலியிட்ட ஒரு பகுதியில் 2012இல் 48 ஹிரோலாக்கள் விடப்பட்டன. சில ஆண்டுகளில் அவை நூறைத் தாண்டின. பிராணியில் குறையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் வேலிக்குள் எத்தனை மானை வைத்துவிட முடியும்? வெளியே புல்வெளி திரும்பவேண்டும். அலியின் குழு உள்ளூர்க் கால்நடைக்காரர்களிடமே கேட்டது, எந்த வழிக்கு உங்கள் ஆதரவு என்று. யானையைக் காப்பது, புல்விதை விதைத்து உரமிடுவது, இவற்றுக்கு அவர்கள் பெரிதும் இசைந்தார்கள். கால்நடையைக் குறைப்பதற்கு இசையவில்லை. மாட்டையும் ஒட்டகத்தையும் நம்பிப் பிழைப்பவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? புல் வந்தால் மாட்டுக்கும் ஆகும், மானுக்கும் ஆகும் என்ற இடத்தில்தான் இரு தரப்பும் சேரமுடியும். அந்தப் பக்கம் இப்போது புல் விதைக்கிறார்கள்.

இது எவ்வளவு காலம் பிடிக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்றைய 500 ஹிரோலாக்கள் ஆண்டுக்கு ஐந்து சதவீதம் தடங்கலின்றிப் பெருகுவதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டி ஈனும், சிங்கமும் சிவிங்கிப்புலியும் ஆப்பிரிக்கக் காட்டுநாயும் துரத்தும் மானுக்கு அது நல்ல வேகம். அப்படிப் பெருகினாலும் பத்தாயிரத்தை எட்ட அறுபது ஆண்டுக்கு மேல் ஆகும். சிலந்தி அதற்குள் நூறு தலைமுறையைத் தாண்டிவிடும். ஹிரோலாவுக்கு அந்த அறுபது ஆண்டும் மழை பொய்க்கும் ஆண்டுகள் உட்பட, ஆளும் அரசு மாறினாலும் எல்லையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டாலும், யாராவது புல் விதைத்துக்கொண்டும் யானையைக் காத்துக்கொண்டும் இருக்கவேண்டும்.